இரட்டை வேறு, இரண்டாவது வேறு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அரசு மடிக்கணினி வைத்திருக்கும் மாணவ மாணவியருக்கும், அவற்றைப் பழுது பார்த்துக் கொடுக்கும் கடைக்காரத் தம்பிகளுக்கும்,



பவர் பட்டனை அழுத்தியதும் கம்பெனியின் சின்னம் ஒருமுறை மின்னி மறைகிறது. அடுத்து நீலத் திரை. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள். மேலே ‘விண்டோஸ் 10’. கீழேயும் ‘விண்டோஸ் 10’. எழுத்திலோ படத்திலோ துளி வித்தியாசம் இல்லை. 30 நொடி கெடு. எண் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது. எதைத் தொடுவது என்று தெரியாத மாணவி விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். மேலே இருப்பதைத் தொட்டால் நேற்று தட்டச்சு செய்த செய்முறைப் பதிவேடு இருக்கிறது. தவறிப்போய்க் கீழே தொட்டால் கணினி ஒருமுறை அணைந்து எரிகிறது, அப்புறம் வேறொரு மேசைத்திரை வருகிறது. அங்கே அவளுடைய கோப்பு ஒன்றுகூட இல்லை. அல்லது அதுகூட வராமல், ஏதோ கோப்பைக் காணோம் என்று ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி நிற்கிறது.

அடுத்த நாள் காலை அந்த மடிக்கணினி பையில் ஏறிப் பேருந்து நிலையத்துப் பக்கம் போகிறது. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ரீசார்ஜ், கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று எல்லாமே ஒரே பலகையில் எழுதியிருக்கும் கடை. “அண்ணே, ரெண்டு ஓஎஸ் காட்டுது.” பதில் தயாராக இருக்கிறது: “அதுக்கென்னம்மா, ஃபார்மட் அடிச்சு புதுசா போட்டுடலாம். சாயங்காலம் வாங்கிக்கோ.”

இந்த மடல் அந்தக் காலைக்கும் சாயங்காலத்துக்கும் இடையில் நடப்பதைப் பற்றியது.

பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருப்பது பட்டியலின் கோளாறு. ஹார்ட் டிஸ்க் என்னும் வட்டில் கோளாறு இல்லை. ஒரு வரியை நீக்க இரண்டு நிமிடம் போதும். அதற்காக வட்டையே துடைத்துவிடுவது, ரேஷன் அட்டையில் ஒரு பெயர் இரண்டு முறை அச்சாகிவிட்டது என்பதற்காக வீட்டில் உள்ளவர்களை வெளியே அனுப்புவதற்குச் சமம். துடைக்கும்போது போவது விண்டோஸ் மட்டும் அல்ல. மூன்று பருவத்துக் குறிப்புகள், உதவித்தொகைக்காக ஸ்கேன் செய்துவைத்த சாதிச் சான்று, வருமானச் சான்று, போனில் இடமில்லை என்று இறக்கிவைத்த தாத்தாவின் கடைசிப் படங்கள் எல்லாம் சேர்ந்து போகின்றன. கடைக்காரத் தம்பி கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அவருக்கு யாரும் வேறு வழி சொல்லித்தரவில்லை. ஃபார்மட் அடித்தால் எந்தக் கோளாறும் தீர்ந்துவிடும் என்பது அவர் கையோடு பழகிய வைத்தியம்.

இரண்டு மாவட்டத்துக்கும் இந்த விஷயம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே பல வீடுகளில் முதல் கணினியே அரசு கொடுத்ததுதான். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் தமிழகமெங்கும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்கு வந்தன. கொள்முதல் எல்காட் நிறுவனம் வழியாக. கொரோனாவை ஒட்டி வழங்கல் தடைப்பட்டது. 2025 மார்ச் 14 அன்று தாக்கலான நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கணினிக் கருவி தரப்படும் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். ஆக, குன்னத்திலோ செந்துறையிலோ ஒரு வீட்டில் அக்காவுக்கு 2018-ல் கிடைத்தது தம்பி கையில் இருக்கும். வேப்பந்தட்டையிலோ ஜெயங்கொண்டத்திலோ கல்லூரியில் படிக்கும் இன்னொரு வீட்டுப் பெண்ணிடம் புத்தம் புதியது இருக்கும். இரட்டை வரி இரண்டிலும் வரும். வரும் வழிதான் வேறு.

முதலில், இந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து வேண்டாத வரியை அழித்துச் சேமித்தால் வேலை முடிந்தது. 2007-ல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா அந்த முறையை மாற்றியது. பட்டியலுக்கென்று தனித் தரவுக் கிடங்கு ஒன்று வந்தது. பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா என்று பெயர், சுருக்கமாகப் பிசிடி. விண்டோஸ் 11 வரை அதே ஏற்பாடுதான். அதில் ஒவ்வொரு வரியும் மூன்று செய்தி வைத்திருக்கிறது: திரையில் காட்டவேண்டிய பெயர், வட்டின் எந்தப் பிரிவுக்குப் போகவேண்டும், அங்கே எந்தக் கோப்பை எழுப்பவேண்டும். அவ்வளவுதான். விண்டோஸ் அங்கே இல்லை. விண்டோஸுக்குப் போகும் முகவரி மட்டும் இருக்கிறது.

முகவரிக்கும் ஊருக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் இரு மாவட்டத்தாருக்கு யாரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. 1995-ல் ஒருங்கிணைந்த திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரி 1-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாயிற்று. அடுத்த ஆண்டே அது மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் தனி மாவட்டம். ஏழாண்டுக்குள் மாவட்டப் பட்டியலில் ஒரு வரி வந்தது, போனது, திரும்பி வந்தது. அந்த ஏழாண்டும் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. அரியலூர் ரயில் நிலையத்தில் வண்டிகள் நின்று கிளம்பிக்கொண்டுதான் இருந்தன. சுண்ணாம்புக்கல் லாரிகள் சிமெண்ட் ஆலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் வரி இல்லாத நாட்களில் கலெக்டர் ஆபீஸ் காரியம் என்றால் பெரம்பலூருக்குத்தான் பஸ் ஏறவேண்டும். கணினிப் பட்டியலும் அப்படியே. வரியை எடுத்தால் உள்ளே இருப்பது அழியாது. போகும் பாதை மட்டும் அடைபடும். வேண்டுமென்றால் பின்னால் அந்தப் பாதையைத் திறந்தும்கொள்ளலாம்.

வட்டைத் துடைத்தால் திறக்க எதுவும் மிஞ்சாது.

இரட்டை வரி எப்படி வந்து சேர்கிறது? பெரும்பாலும் யாரோ ஒருவர் உதவி செய்யப் போனதால். சி டிரைவ் நிரம்பிவிட்டது, கணினி ஊர்கிறது. சரி, டி டிரைவில் புது விண்டோஸ் போடுவோம் என்று ஒருவர் போடுகிறார். நிறுவும் நிரல் பழைய பட்டியலைப் பார்க்கிறது, அதை அழிக்காமல் தன் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டுப் போகிறது. இரண்டும் விண்டோஸ் 10 என்பதால் இரண்டு வரியிலும் ஒரே பெயர். இது முதல் வகை. இங்கே இரண்டு விண்டோஸும் உண்மையிலேயே இருக்கின்றன.

இரண்டாவது வகையில் விண்டோஸ் ஒன்றுதான், வரி மட்டும் இரண்டு. ஒருநாள் கணினி எழவில்லை. பழுது பார்க்கும் பென்டிரைவைச் சொருகி, பட்டியலை மறுபடி உருவாக்கும் கட்டளையை ஒருவர் ஓட்டுகிறார். வரவில்லை என்று இன்னொருமுறை ஓட்டுகிறார். அதே விண்டோஸ் இரண்டு முறை பதிவாகிவிடுகிறது. பாதியில் கரண்ட் போன அப்டேட், தன் பங்குக்கு ‘விண்டோஸ் செட்டப்’ என்றோ ‘விண்டோஸ் ரோல்பேக்’ என்றோ ஒரு வரியை விட்டுவிட்டுப் போவதும் உண்டு.

மூன்றாவது வகை இப்போது நிறைய வருகிறது. 2017, 2018-ல் வந்த மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டைப் போடுகிறார்கள். நல்ல காரியம், ஊர்ந்த கணினி ஓடும். பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிட்டு, பழையதையும் கழற்றாமல் உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். இப்போது இரண்டு வட்டிலும் ஒரே விண்டோஸ். எஃப்12 அழுத்தினால் வரும் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ இரண்டு தடவை நிற்கிறது. தெரியாமல் பழைய வட்டிலேயே எழுந்து வேலை செய்துவிட்டு, எஸ்எஸ்டி போட்டும் வேகம் வரவில்லையே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. அதிலிருந்து ஓஎஸ் மாற்றும் வேலை கூடிவிட்டது. மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் மேலே சொன்ன மூன்றில் ஏதாவது ஒன்று நடக்க இடமிருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியது இது.

உங்கள் கோப்புகள் இருக்கும் விண்டோஸில் நுழையுங்கள். விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் எம்எஸ்கான்ஃபிக் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். சிஸ்டம் கான்ஃபிகரேஷன் வரும்; அதில் ‘பூட்’ என்ற இரண்டாவது தாவல். வெள்ளைப் பெட்டிக்குள் நீலத் திரையில் பார்த்த அதே இரண்டு வரி இருக்கும். இங்கே மட்டும் ஒரு கூடுதல் தகவல்: பெயருக்குப் பக்கத்தில் எந்த டிரைவ் என்று எழுதியிருக்கும். ஒரு வரியில் ‘கரன்ட் ஓஎஸ்’ என்று இருக்கும். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் விண்டோஸ் அதுதான். அதைத் தேர்ந்தெடுத்தால் ‘டெலிட்’ பொத்தான் மங்கிப்போய்விடும். உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்ட விண்டோஸ் விடாது. முதலில் அந்த வரியையே ‘செட் ஆஸ் டீஃபால்ட்’ ஆக்குங்கள். பிறகு மற்ற வரியைத் தேர்ந்தெடுத்து டெலிட், அப்ளை, ஓகே. மறுமுறை கணினியை எழுப்பினால் நீலத் திரையே வராமல் நேராக உள்ளே போகும்.

இந்த இரண்டு நிமிட வேலைக்கு முன் ஐந்து நிமிடம் முன்னெச்சரிக்கை வேண்டும். கடைக்காரத் தம்பிகள் இதைத்தான் கவனமாகப் படிக்கவேண்டும்.

பட்டியல் திரையையும், எம்எஸ்கான்ஃபிக் பெட்டியையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பிசிடிஎடிட் என்ற கட்டளையை ஓட்டினால் முழுப் பட்டியலும் விரியும். ஒவ்வொரு வரிக்கும் ‘டிவைஸ்’ என்ற இடத்தில் எந்தப் பிரிவு என்று தெரியும். அந்த இடத்தில் ‘அன்னோன்’ என்று இருந்தால், வரி காட்டும் பிரிவே இப்போது இல்லை என்று பொருள். அதை நீக்கத் தயங்கவேண்டாம். அதே கட்டளையில் ‘எக்ஸ்போர்ட்’ என்று சேர்த்து ஒரு கோப்புப் பெயரும் கொடுத்தால், பட்டியல் முழுவதும் நகலாகிவிடும். தவறு நடந்தால் ‘இம்போர்ட்’ செய்து பழைய நிலைக்கு வந்துவிடலாம். பென்டிரைவில் அந்த நகல் சில கிலோபைட் இடம்தான் பிடிக்கும்.

புதிய மடிக்கணினி என்றால் இன்னொன்று. விண்டோஸ் 11 வந்த பல கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே வட்டு தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி இயங்க ஆரம்பித்துவிடுகிறது. தொடக்க அமைப்பில் கை வைத்தால் சில சமயம் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிப்பாகியிருக்கும். கடையில் யாரோ உருவாக்கிக்கொடுத்த ஈமெயில், மறந்துபோன பாஸ்வேர்டு என்றால், பூட்டிக்கொண்ட பிறகு அந்த எண்ணை எடுப்பது பெரும்பாடு. வேலையில் இறங்குவதற்கு முன் எண்ணை எடுத்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இதைச் செய்யாமல் பட்டியலில் கை வைக்கவே கூடாது.

வரியை நீக்கியாயிற்று, இடத்தையும் மீட்கலாமே என்று தோன்றும். டி டிரைவில் கிடக்கும் பழைய விண்டோஸ் இருபது, முப்பது ஜிபி அடைத்துக்கொண்டிருக்கும்தான். ஆனால் ஃபார்மட் செய்வதற்கு முன் அந்த டிரைவில் ‘யூசர்ஸ்’ என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். பழைய மேசைத்திரையும் டாக்குமென்ட்ஸும் டவுன்லோட்ஸும் அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும். மாணவரை அருகில் உட்காரவைத்து, இதில் வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அழிக்கும் கடைக்காரர் தொழில் தெரிந்தவர்.

அதன் பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் ஒவ்வொரு பிரிவின் கீழும் ‘சிஸ்டம்’, ‘பூட்’, ‘ஆக்டிவ்’ என்று சின்ன எழுத்தில் சில சொற்கள் இருக்கும். விண்டோஸ் இருக்கும் பிரிவுக்கு ‘சிஸ்டம்’ என்றும், எழுப்பும் கோப்புகள் இருக்கும் பிரிவுக்கு ‘பூட்’ என்றும் பெயர் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மைக்ரோசாஃப்ட் வைத்திருப்பது நேர்மாறாக: எழுப்பும் கோப்புகள் உள்ள பிரிவு ‘சிஸ்டம்’; விண்டோஸ் உள்ள பிரிவு ‘பூட்’. பழைய மடிக்கணினிகளில், நாம் வேண்டாம் என்று முடிவுசெய்த பிரிவே ‘சிஸ்டம்’ ஆக இருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் முதலில் நிறுவிய விண்டோஸ்தான் எழுப்பும் கோப்புகளை வைத்திருக்கும். அதைத் துடைத்தால், நல்ல விண்டோஸ் பத்திரமாக இருந்தும் எழுப்ப ஆள் இல்லாமல் கருப்புத் திரை வரும். ‘சிஸ்டம்’ என்ற சொல் அந்தப் பிரிவின் கீழ் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். பிசிடிபூட் என்ற கட்டளையால் எழுப்பும் கோப்புகளை நல்ல விண்டோஸ் இருக்கும் பிரிவுக்குக் கொண்டுவந்து, அந்தப் பிரிவை ‘ஆக்டிவ்’ ஆக்கி, ஒருமுறை எழுப்பிப் பார்த்த பிறகே பழைய பிரிவைத் தொடவேண்டும்.

இதுவரை சொன்னது இரட்டையைப் பற்றி. இனிமேல் சொல்வது இரட்டை என்று தவறாக நினைக்கப்படும் ஒன்றைப் பற்றி. இந்த மடல் எழுதப்பட்டதே இதற்காகத்தான்.

2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்து மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு இன்னொரு இயங்குதளமும் வந்தது: பாஸ் லினக்ஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவானது. டெபியன் என்ற உலகளாவிய லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. முதல் பதிப்பு 2007-ல் வெளியானது. இந்திய மொழிகளில் இயங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். பட்டியல்களையும் பொத்தான்களையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசுத் துறைகளின் பழைய கணினிகளில் பாஸ் லினக்ஸ் நிறுவுமாறு தமிழக அரசே அறிவுறுத்தியது.

அந்த மடிக்கணினியை எழுப்பினால் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் வரும். கிரப் என்பது அதன் பெயர். 1995-ல் எரிக் போலின் என்பவர் எழுதத் தொடங்கிய நிரலின் வழித்தோன்றல். பட்டியலில் பாஸ் ஒரு வரி. அதன் கீழ் ‘ரெக்கவரி மோட்’ என்று அதே பாஸ் இன்னொரு வரி. பிறகு விண்டோஸ், சில கணினிகளில் இரண்டு வரியாக. பார்த்தவுடன் குழப்பம்தான். வீட்டில் யாருக்கும் பாஸ் என்றால் என்னவென்று தெரியாது. பள்ளியிலும் பல இடங்களில் சொல்லித்தரவில்லை. “அந்த வேண்டாத ஓஎஸ்ஸ எடுத்துடுங்கண்ணே” என்று கேட்க, கடையில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து லினக்ஸ் பிரிவைத் துடைத்துவிடுவார்கள். இடம் கிடைத்தது என்று மகிழ்ந்து மறுபடி எழுப்பினால், கருப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று இரண்டே சொல். அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு மினுக்மினுக்கென்று காத்திருக்கும்.

ஏன் அப்படி ஆனது? அந்தக் காலத்து வட்டில் முதல் 512 பைட் இடம்தான் கணினியின் வாசற்படி. அதில் நிரலுக்கு 446 பைட், நான்கு பிரிவுகளின் விவரத்துக்கு 64 பைட். இவ்வளவு சிறிய இடத்தில் முழுப் பட்டியல் நிரலும் அடங்குமா? அடங்காது. அதனால் கிரப் தன்னைத் துண்டாக்கிக்கொள்கிறது. தலை மட்டும் வாசற்படியில். உடம்பு லினக்ஸ் பிரிவுக்குள். லினக்ஸ் பிரிவைத் துடைத்தபோது உடம்பு போய்விட்டது. தலை விழித்துக்கொண்டு உடம்பைத் தேடுகிறது. விண்டோஸ் பக்கத்திலேயே நலமாக இருக்கிறது, ஆனால் அதற்கு வழி சொல்லவேண்டிய பட்டியல் இல்லை. இந்த இடத்தில்தான் முழு வட்டையும் ஃபார்மட் அடிக்கிறார்கள். அடிக்கவே வேண்டாம். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் எழுப்பி, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பூட்ரெக் கட்டளையில் ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்று கொடுத்தால் வாசற்படி விண்டோஸ் கைக்கு வந்துவிடும். கோப்பு ஒன்றும் போகாது.

கிரப் பட்டியலில் வரிகள் கூடிப்போனால் அதைக் குறைக்கும் முறையும் வேறு. அங்கே கிரப்.சிஎஃப்ஜி என்ற கோப்பைத் திறந்து வரியை அழிக்கத் தோன்றும். இந்தக் கோப்பைத் திருத்தாதே என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருப்பார்கள். கேட்காமல் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் அழித்த வரி திரும்பி வரும், ஏனென்றால் கிரப் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைப் புதிதாக எழுதுகிறது. லினக்ஸின் மையநிரலான கெர்னலின் பழைய பதிப்புகள் சேர்ந்து வரிகள் நீண்டிருந்தால் டெர்மினலில் ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ ஓட்டிவிட்டு ‘அப்டேட் கிரப்’ ஓட்டுங்கள், தேவையற்றவை மறையும். விண்டோஸ் இரண்டு வரியாக வருவது, வட்டின் தொடக்கத்தில் 100 எம்பி அளவில் இருக்கும் சிறு பிரிவிலும் பெரிய விண்டோஸ் பிரிவிலும் எழுப்பும் கோப்பு இருப்பதால். மற்ற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலிடும் ஓஎஸ் ப்ரோபர் என்ற நிரல் இரண்டையும் பார்த்து இரண்டு வரி எழுதுகிறது. அதை நிறுத்திவிட்டு, எழுகிற ஒரு வரியை மட்டும் ‘40 கஸ்டம்’ என்ற கோப்பில் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

இப்போது ஒரு கேள்வி. பாஸ் எதற்கு?

2011 முதல் 2019 வரை வந்த அரசு மடிக்கணினிகளை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது என்றே சொல்லிவிடலாம். அது கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியோ, அதன் பட்டியலில் உள்ள புதிய செயலியோ பெரும்பாலும் அவற்றில் இருக்காது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் அந்தக் கணினி குப்பையா? இல்லை. இன்றைய லினக்ஸ் ஒன்று, அது பாஸின் புதிய பதிப்பாக இருந்தாலும் டெபியனாக இருந்தாலும், பாதுகாப்பு அப்டேட்டுகளோடு அதில் ஓடும். கடிதம் தட்டச்ச, கணக்குப் போட, பைத்தான் கற்க, டிஎன்பிஎஸ்சி வினாத்தாளைத் திறந்து படிக்க அது போதும். 2011-ல் வந்த பாஸையே அப்படியே வைத்துக்கொண்டு இணையத்தில் உலவுவது பாதுகாப்பில்லை. அதற்கு அப்டேட் நின்று வெகுநாளாகிறது. புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ளவேண்டும். அண்டை மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி சொல்லித்தருகின்றன. அங்கே பிள்ளைகள் முதலில் பார்ப்பதே லினக்ஸ் மேசைத்திரைதான். தமிழிலும் கற்க வழியில்லாமல் இல்லை. 2012 முதல் வரும் கணியம் மின்னிதழில் லினக்ஸ் பற்றி எளிய தமிழில் ஏராளமான கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பெரம்பலூரும் அரியலூரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஒன்றில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். இன்னொன்றில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் முந்திரியும். ஒன்றைப் பார்த்து மற்றது இதன் நகல் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். பட்டியலில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸைப் பார்க்கும்போதும் அப்படியே பாருங்கள். ஒரே விண்டோஸ் இரண்டு தடவை நின்றால் அது இரட்டை, ஒன்றை எடுத்துவிடுங்கள். விண்டோஸும் லினக்ஸும் நின்றால் அது முதலாவதும் இரண்டாவதும். லினக்ஸை எடுப்பதற்கு முன் ஒருமுறையாவது அதன் உள்ளே போய்ப் பாருங்கள். பிடிக்கவில்லையா, விண்டோஸை டீஃபால்ட் ஆக்கி, காத்திருக்கும் நேரத்தை ஐந்து நொடியாகக் குறைத்துவிடுங்கள். அது ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். வைரஸ் வந்து விண்டோஸ் எழாத நாளில், அதே லினக்ஸ் வழியாக உள்ளே போய் உங்கள் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்காரத் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். ஓஎஸ் போடுவதற்கு வாங்கும் கூலியைப் போல வரி நீக்குவதற்கும் கூலி வாங்குங்கள். தெரிந்த வேலைக்குக் கூலி கேட்பதில் வெட்கமில்லை. மேசைமேல் ஒரு பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணினி வந்தாலும் முதலில் ‘யூசர்ஸ்’ கோப்புறையை அதில் நகலெடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாணவர் வந்து கணினியை வாங்கி, எல்லாம் இருக்கிறது என்று பார்த்துச் சொன்ன பிறகு அந்த நகலை அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள்.

மாணவ மாணவியரே, கடையில் கொடுக்கும்போது “ரெண்டு ஓஎஸ் காட்டுது” என்று மட்டும் சொல்லாதீர்கள். போனில் எடுத்த அந்த இரண்டு படத்தையும் காட்டி, “இந்த வரிய மட்டும் எடுத்துக் கொடுங்கண்ணே, ஃபார்மட் வேண்டாம்” என்று சொல்லுங்கள். ரசீதிலும் அப்படியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் கணினியை விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் கல்லூரியின் கணினி அறிவியல் ஆய்வகத்தில் இருப்பவர்களிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். மூன்றாமாண்டு அண்ணன், அக்கா ஒருவருக்காவது இது தெரிந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் கணினிகளைப் பற்றிக் கவலைப்படும் ஒரு கட்டுரையாளர்